தொண்டைமானாற்றுக் கதவை எப்போது பூட்டுவது?

பங்குனி பிறந்தால் அச்சுவேலித் தோட்டக்காரர் ஒரு வேலை செய்வார்கள். இறைப்புத் தொடங்கி ஒரு மணித்தியாலம் போனதும் வாய்க்காலில் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல தண்ணீராக இருந்தால் இறைப்புத் தொடரும். நாக்கில் சவர் தட்டினால் மிசினை நிற்பாட்டி விடுவார்கள். என் அப்பாவும் அப்படித்தான் செய்தார். எங்கள் தோட்டம் ஊரின் கிழக்கே, வல்லை நீரேரியைப் பார்த்த பக்கம் இருந்தது. வெங்காயம் சவரைத் தாங்காத பயிர். நுனி கருகத் தொடங்கினால் அந்தப் போகத்தின் கடன் அடுத்த போகத்துக்குப் போய்விடும்.

அந்தச் சவர் எங்கிருந்து வருகிறது, அதைத் தடுக்கக் கட்டிய அணைக்கு என்ன நடந்தது, அதன் கதவை யார் எப்போது திறக்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அச்சுவேலியில் இருந்து வடக்கே சைக்கிளில் அரை மணித்தியாலம் போனால் தொண்டைமானாற்றுப் பாலத்தடி வரும். சந்நிதி கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்தக் கதவுகளைப் பார்த்திருப்பார்கள். அவை எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

நிலவறைக் கிணறு சொல்லும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. எங்களுக்குக் கிடைக்கும் நல்ல தண்ணீர் எல்லாம் மழைத் தண்ணீர்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி மழையாக விழுகிறது. அது செம்மண்ணுக்குள் இறங்கி, கீழே உள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகிறது.

ஆனால் அந்தக் கல்லுக்குள் கடலும் இருக்கிறது. நாலு பக்கமும் கடலும் கடல்நீரேரியும் சூழ்ந்த நிலம் என்பதால் ஆழத்தில் உப்புநீர் நிற்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது. உப்புநீர் பாரம் கூடியது. அதனால் நன்னீர் ஒரு வில்லைபோல உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்கள் பயன்படுத்தும் பொதுக்கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். இறைத்து இறைத்து மேலே ஒரு அடியைக் குறைத்தால், கீழே இருந்து உப்பு 40 அடி மேலே வர இடம் கிடைக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் நவக்கிரியில் உள்ள நிலவறைக் கிணற்றுக்குப் போகலாம். எங்கள் ஊருக்குப் பக்கம்தான். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். வெளியூரார் அதை வற்றாத அதிசயக் கிணறு என்று படம் எடுக்கிறார்கள். எங்களுக்கு அது ஒரு எச்சரிக்கை.

துலாவாலும் பட்டையாலும் இறைத்த காலத்தில் மனிதனின் உடல்வலுவே இறைப்புக்கு எல்லையாக இருந்தது. மண்ணெண்ணெய் மிசின் வந்த பிறகு அந்த எல்லை போய்விட்டது. எனவே கிணறு சவராவதற்கு நீரேரி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. நாங்களும் ஒரு காரணம். ஆனால் நீரேரிக் கரையோரக் கிணறுகளுக்கு நீரேரியில் நிற்கும் தண்ணீர் இனியதா உவரா என்பது பெரிய விடயம். பக்கத்தில் நன்னீர் நின்றால் அது கிணற்றைத் தாங்கும். உப்புநீர் நின்றால் மெல்ல மெல்ல உள்ளே ஊறும்.

உப்புக்காக வெட்டிய வழி

வடமராட்சிக் கடல்நீரேரி வலிகாமத்தையும் தென்மராட்சியையும் வடமராட்சியில் இருந்து பிரித்துக் கிடக்கிறது. அதன் நீர்ப்பரப்பு ஏறக்குறைய 30 சதுர மைல். அது கடலோடு சேரும் வாய்தான் தொண்டைமானாறு. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கரணவாய்ப் பக்கத்து உப்பை ஏற்றிச் செல்லும் தோணிகள் வந்துபோக இந்த வழியை வெட்டி ஆழமாக்கினான், அதனால் இந்தப் பெயர் வந்தது என்பது ஊர் மரபு. அந்த மரபின்படி, முதலில் இது உப்புக்காகவும் தோணிக்காகவும் திறந்த வழி. பிறகு உப்பைத் தடுப்பதற்காக அதே வழியை மூட வேண்டி வந்தது.

மாரியில் நீரேரி மழைவெள்ளத்தால் நிரம்பி, கடல் மட்டத்துக்கு மேலே உயரும். வாய் திறந்திருந்தால் அந்த நன்னீர் முழுவதும் கடலுக்கு ஓடிவிடும். கோடையில் ஆழம் குறைந்த நீரேரி வெயிலில் வற்றிக் கடல் மட்டத்துக்குக் கீழே போகும். அப்போது கடல் உள்ளே வரும். அதுவும் வற்றும், உப்பு மட்டும் தரையில் படியும். இப்படி வருடா வருடம் நன்னீர் வெளியே போய், உப்பு உள்ளே சேர்ந்துகொண்டிருந்தது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1954-இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தை முன்வைத்தார். திட்டத்தின் அடிப்படை எளிமையானது. வன்னியில் இருந்து கனகராயன் ஆறு கொண்டுவரும் வெள்ளம் யானையிறவு நீரேரியில் விழுகிறது. சுண்டிக்குளத்தில் அணை கட்டி அந்த நீரேரியை நன்னீர் ஏரியாக்குவது முதல் வேலை. முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளமான வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவருவது இரண்டாவது. தொண்டைமானாற்றிலும், உப்பாறு யாழ்ப்பாணக் கடல்நீரேரியோடு சேரும் அரியாலையிலும் தடுப்பணை வைத்து, வந்த நீரைப் பிடித்து வைப்பது மூன்றாவது.

தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் 1950-களில் எழுந்தன. முள்ளியான் வாய்க்கால், சுண்டிக்குளம் அணை வேலைகள் 1960-களில் நடந்தன. ஆனால் திட்டம் முழுமை அடையவில்லை. சுண்டிக்குளம் அணை வெள்ளத்தில் உடைந்தது. தொண்டைமானாற்றில் மரக்கதவுகள் உப்புக்காற்றில் உக்கின. கதவு பூட்டி இருந்த வருடங்களில் நீரேரிக் கரையில் புல் முளைத்ததையும், மாடுகள் அங்கே தண்ணீர் குடித்ததையும் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் அதைப் பார்க்கவில்லை.

கதவடிக்குப் போக முடியாத காலம்

நான் வளர்ந்தபோது தொண்டைமானாற்றுக்குப் போவதே பெரிய காரியமாகி விட்டது. பலாலியைச் சுற்றிய உயர் பாதுகாப்பு வலயத்தின் கிழக்கு ஓரம் அங்கேதான் வந்து நின்றது. வளலாய் மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். அச்சுவேலியின் வடக்குப் பக்கத்தில் வெறும் வீடுகள் நின்றன. ஒரு தடுப்பணைக் கதவைக் காற்றும் மழையும் பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். எண்ணெய் போட வேண்டும், பலகை மாற்ற வேண்டும். காவலரண் இருக்கும் இடத்தில் யார் போய் அதைச் செய்வது? யுத்தத்தில் இடிந்த வீடுகளைக் கணக்கெடுத்தார்கள். பராமரிப்பு இல்லாமல் போன கதவுகளையும் வாய்க்கால்களையும் குளக்கட்டுகளையும் அப்படி யாரும் எண்ணவில்லை. அந்த இழப்பு கிணற்றுக்குள் சவராகச் சேர்ந்தது.

1995 ஐப்பசியில் நாங்கள் வல்லை வெளியால் வடமராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். பாலத்தில் சனமும் சைக்கிளும் ஆடுமாடும் நெருக்கி நின்றன. தங்கச்சி தண்ணீர் கேட்டு அழுதாள். இரண்டு பக்கமும் தண்ணீர் கிடந்தது. அம்மா அதில் சேலைத் தலைப்பை நனைத்து அவளுடைய முகத்தைத் துடைத்தா. குடிக்கக் கொடுக்கவில்லை. அந்த நீரேரியைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அடுத்த வருடம் திரும்பி வந்தபோது எங்கள் கிணறு இறைக்காமல் கிடந்து நிரம்பி இருந்தது. ஒரு வருட ஓய்வில் தண்ணீர் நன்றாகவே இருந்தது. மூன்று கோடை இறைத்த பிறகு பழையபடி சவர் தட்டியது. இறைப்பின் பங்கு எவ்வளவு என்பதை எனக்குக் காட்டியது அந்தக் கிணறு.

உலகத்தில் கதவுகள் எப்படி வேலை செய்கின்றன

ஆற்றை மறித்து அணை கட்டினால் தண்ணீர் நிற்கும், ஆனால் படகு போகாது. இதற்குக் கண்டுபிடித்த வழிதான் ‘லொக்’ என்கிற பூட்டு வாயில். இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு தொட்டி. படகு கீழ்ப்பக்கக் கதவால் உள்ளே வரும்; கதவு மூடும்; மேல்பக்கத்துத் தண்ணீரைக் குழாய் வழியே விடுவார்கள்; தொட்டி நிரம்பப் படகும் உயரும்; மேல்கதவு திறந்ததும் படகு வெளியே போகும். பம்பு எதுவும் வேண்டாம். தண்ணீரின் சொந்தப் பாரமே வேலையைச் செய்துவிடும். சோழமண்டலக் கரையோரம் உப்புப் படகுகள் ஓடிய பக்கிங்காம் கால்வாயில் இப்படிப் பூட்டு வாயில்கள் இருந்தன. கொழும்பில் பேரை வாவியைத் துறைமுகத்தோடு இணைத்த கால்வாயிலும் இருந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் இது பெரிய அளவில் நடக்கிறது. மினியாபொலிசுக்கும் சென் லூயிசுக்கும் இடையே 29 பூட்டு வாயில்கள் ஆற்றைப் படிக்கட்டுபோல ஆக்கி வைத்திருக்கின்றன. தானியமும் நிலக்கரியும் ஏற்றிய தட்டைப் பாரப்படகுகளை வரிசைக்கு 3, நீளத்துக்கு 5 என்று 15 சேர்த்துக் கட்டி, ஒரே ஒரு இழுவைப்படகு கொண்டுபோகிறது. பெயர்தான் இழுவைப்படகு, அது பின்னால் நின்று தள்ளுகிறது. 600 அடி நீளத் தொட்டிகளில் இந்தப் பதினைந்தும் ஒரே தடவையில் கொள்ளாது. பாதியைக் கழற்றி முன்னே அனுப்பி, மீதியைப் பிறகு கொண்டுவந்து, மறுபடி சேர்த்துக் கட்டுவார்கள். மற்றப் படகுகள் வரிசையில் காத்து நிற்கும். யாருக்கு எப்போது கதவு திறக்கும் என்பதற்கு அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. ஒழுங்கு தெரிந்தபடியால் காத்திருக்கிறவர்கள் பொறுமையாக நிற்கிறார்கள்.

அதே மிசிசிப்பியில் 2023-இல் வரட்சி வந்து ஆற்றின் ஓட்டம் குறைந்தது. மெக்சிக்கோ வளைகுடாவின் உப்புநீர் ஆற்றின் அடித்தளம் வழியே மேலேறி வந்தது. மேலே பார்த்தால் நன்னீர், அடியில் கடல். நியூ ஓர்லியன்சின் குடிநீரைக் காப்பாற்ற, ஆற்றின் அடியில் மண்ணால் தடுப்பு எழுப்பினார்கள். அவ்வளவு பெரிய ஆற்றுக்கும் எங்கள் நிலவறைக் கிணற்றுக்கும் விதி ஒன்றுதான்: உப்புநீர் அடியால் வரும். ஆகவே தொண்டைமானாற்றுக் கதவின் அடியில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் அது சிறிய குறை இல்லை. மேலே ஓட்டை இருந்தால் நன்னீர் கொஞ்சம் போகும். அடியில் ஓட்டை இருந்தால் கடல் வரும்.

கேரளம் கற்றுக்கொண்டது

எங்கள் தொண்டைமானாற்றுக்கு மிக நெருங்கிய உறவு என்று சொல்லக்கூடியது கேரளத்தில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலுக்குக் குறுக்கே தண்ணீர்முக்கம் என்ற இடத்தில் ஒரு நீளமான உவர்நீர்த் தடுப்பணை 1976-இல் பயன்பாட்டுக்கு வந்தது. குட்டநாட்டில் கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள வயல்களில் கோடையிலும் நெல் விளைவிக்க வேண்டும், அதற்குக் கடலை மறிக்க வேண்டும் என்பது நோக்கம். படகுகள் போகப் பூட்டு வாயிலும் வைத்தார்கள். மார்கழியில் மூடி, பங்குனியில் திறப்பது ஒழுங்கு.

நெல் விளைந்தது. ஆனால் கடலில் இருந்து காயலுக்குள் வந்து வளரும் இறாலுக்கும் மீனுக்கும் வழி அடைபட்டது. உப்பில் அழியும் ஆகாயத்தாமரை நன்னீரில் பெருகி மண்டியது. வயல்களில் அடித்த மருந்தும் வீடுகளின் கழிவும் வெளியேற வழியின்றித் தேங்கின. படகுக்கு வாயில் வைத்தவர்கள் மீனுக்கு வாயில் வைக்கவில்லை. அறுவடை பிந்துகிற வருடங்களில் கதவு திறப்பதும் பிந்தும். அப்போது மீனவர்கள் தெருவுக்கு வருவார்கள். திறக்கும் திகதியைப் பற்றி விவசாயிகளையும் மீனவர்களையும் கூட்டி வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. சண்டை முடிந்துவிடவில்லை. ஆனால் பேசும் மேசை ஒன்று இருக்கிறது.

பாலத்தடியில் கேட்டது

யுத்தம் முடிந்த பிறகு தொண்டைமானாற்றுத் தடுப்பணையில் புனரமைப்பு வேலைகள் நடந்தன. 2015-இல் வளலாயில் காணிகள் விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பத் தொடங்கினார்கள். இப்போது கதவடிக்குப் போய் நிற்க யாரும் தடுப்பதில்லை. போன மாரியில் நான் அங்கே நின்றபோது, வீச்சுவலையோடு நின்ற ஒரு பெரியவரிடம் கதை கொடுத்தேன்.

“நீங்கள் அச்சுவேலி ஆக்களோ தம்பி? தோட்டமோ?” என்று கேட்டார். ஓம் என்றேன்.

“அப்ப நீங்கள் கதவைப் பூட்டச் சொல்லுவியள். பூட்டினா எங்களுக்கு உள்ளுக்கு இறால் ஏறாது. திறந்து விட்டா உங்கட கிணறு சவராகும். ரண்டும் எனக்குத் தெரியும்.”

“அப்ப என்ன செய்யலாம் அண்ணை?”

“இறால் குஞ்சு ஏறுற காலம் எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு மழை முடியிற காலம் தெரியும். இருந்து கதைச்சா நாள் குறிக்கலாம். எங்களை ஆர் கூப்பிட்டுக் கேட்டது?”

அவர் கேட்ட கேள்விதான் இந்தத் தடுப்பணையின் பிரச்சினை. கதவு எப்போதும் பூட்டி இருக்க வேண்டும் என்று தோட்டக்காரர் நினைக்கிறோம். அது சரியில்லை. மாரியின் முதல் வெள்ளம் நீரேரியின் அடியில் படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும். அதைக் கடலுக்கு விட வேண்டும். பிறகு வரும் நல்ல வெள்ளத்தைப் பிடிக்க வேண்டும். பிந்திப் பூட்டினால் பிடிக்க மழை இருக்காது. முந்திப் பூட்டினால் உப்பும் உள்ளேயே நிற்கும், தாழ்ந்த வயல்களிலும் வீடுகளிலும் வெள்ளமும் ஏறும். 2008 கார்த்திகையில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு எப்படி மூழ்கியது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படியான நாளில் கதவைத் திறக்கச் சில மணித்தியாலம் பிந்தினாலும் அது உயிர்ப் பிரச்சினை. இப்படிக் கழுவிப் பிடிப்பதை ஒரு வருடம் செய்தால் போதாது. உப்பு வருடக்கணக்கில் சேர்ந்தது, வருடக்கணக்கில்தான் குறையும்.

இதற்கிடையில் 2024 ஓகஸ்ட் மாதம் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது. அதற்கு முன் இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனை கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் நின்றுபோனது. அவர்களுடைய பயத்திலும் நியாயம் இருந்தது. கடல்நீர் நிலையம் குடிக்கத் தண்ணீர் தரும், அது நல்லது. ஆனால் அந்தத் தண்ணீரால் வெங்காயம் நட முடியாது. மின்சாரம் செலவழித்துக் கடலில் இருந்து உப்பைப் பிரித்து எடுக்கும் நாங்கள், வானம் சும்மா தரும் நன்னீரைத் தொண்டைமானாற்றால் கடலுக்கு விட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு காலத்துக்குச் சரிவரும்?

நான் கேட்பது புதிய அணை இல்லை. பெரிய காசு வேண்டிய காரியமும் இல்லை. கதவடியில் ஒரு பலகை வேண்டும். நீரேரியின் நீர்மட்டம், கடலின் நீர்மட்டம், தண்ணீரின் உப்பளவு, கதவு திறந்த திகதி, பூட்டிய திகதி ஆகியவை அதில் எல்லோரும் வாசிக்கக்கூடியதாக எழுதப்பட வேண்டும். உப்பளக்கும் கையடக்கக் கருவியைக் கமக்காரர் அமைப்பும் கடற்றொழிலாளர் சங்கமும் ஆளுக்கொன்று வாங்கி வைத்திருக்கலாம். அடியையும் மேலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். புரட்டாதியில் மழைக்கு முன்பும், தையில் மழை ஓய்ந்த பிறகும் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்க வேண்டும். தோட்டக்காரர் தங்கள் பக்கத்தில் இறைப்பைக் குறைக்கவும், தூறல் பாசனம் போன்ற சிக்கன வழிகளுக்கு மாறவும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாங்கினால் கொடுக்கவும் வேண்டும்.

யுத்த காலத்தில் இந்தக் கதவைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எங்களிடம் இருக்கவில்லை. இப்போது பாலத்தடி திறந்திருக்கிறது. புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் அனுப்பும் உதவியில் ஒரு சிறு பங்கு இப்படியான அளவீட்டுக்கும் கூட்டத்துக்கும் வந்தால், அது ஊரின் எல்லாக் கிணறுகளுக்கும் செய்த உதவியாகும்.

அப்பா இப்போது இல்லை. தோட்டத்தைத் தம்பி செய்கிறான். போன பங்குனியில் நான் போனபோது, இறைப்பின் நடுவே அவனும் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டான். “இன்னும் ரண்டு கிழமை தாங்கும்” என்றான்.